சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டம்: பிள்ளை கையில் கத்தரிக்கோல் கொடுக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற ரோட்டில், சுருளிப்பட்டி நெருங்கும்போதே இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் ஆரம்பித்துவிடும். ‘தோட்டம் பார்க்கலாம்’, ‘அனுமதி இலவசம்’ என்று தகரப் பலகை வைத்து வரிசையாகக் கூப்பிடுவார்கள். எந்தத் தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்புவது என்பதுதான் கேள்வி. நாங்கள் போன தோட்டத்தைப் பற்றியும், அங்கே பறித்த பழத்தை வைத்து வீட்டில் பிள்ளைகளோடு செய்ததைப் பற்றியும் எழுதுகிறேன். அந்தத் தோட்டத்துக்கென்று பெயர் எதுவும் கிடையாது. அதனால் அடையாளம் சொல்வதைவிட, எதைப் பார்த்து ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

நாங்கள் மதுரையிலிருந்து போனோம். நான், வீட்டுக்காரர், மாமியார், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், யுகேஜி படிக்கும் மகன். தை முடிகிற சமயம். வெயில் ஏறாத நல்ல பருவம்.

முதலில் நுழைந்த தோட்டம் பார்க்க அழகாக இருந்தது. நடைபாதைக்குச் சிமென்ட் போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நடுவில் ஊஞ்சல் எல்லாம் வைத்திருந்தார்கள். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கை நீட்டக் கூடாது. மகள் ஒரு கொத்தை லேசாகத் தொட்டதும் “கைய வைக்காதீங்க” என்று ஒரு சத்தம். படம் எடுத்துக்கொள்ளலாம், வெளியே வரும்போது ஏற்கெனவே வெட்டித் தட்டில் அடுக்கிய பழத்தை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தோட்டக்காரர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. வருகிற கூட்டம் ஆளுக்கொரு கொத்தைப் பிடித்து இழுத்தால் கொடி முறிந்துபோகும், அடுத்த வெள்ளாமை அடிபடும். ஆனால் ‘திராட்சை பறிக்கலாம் வாங்க’ என்று ரோட்டில் எழுதி வைத்துவிட்டு உள்ளே வந்த பிறகு கயிறு காட்டினால், பிள்ளைகள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆகவே வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள்: “பிள்ளைகள் அவங்க கையால வெட்டலாமா?” இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே தோட்டத்தை முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவது தோட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டபோது, கல்லுக்கால் ஓரம் உட்கார்ந்து பழம் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. “தாராளமா வெட்டட்டும். ஆனா நான் கூட நிப்பேன். நான் காட்டுற கொத்தத்தான் வெட்டணும், சரியா பாப்பா?” என்றார். நான் எதிர்பார்த்துப் போனது இதைத்தான்.

அவர் முதலில் செய்த காரியம், ஒரு பிளாஸ்டிக் டிரேயைக் கவிழ்த்து அதன் மேல் மகனை ஏற்றி நிறுத்தியது. பந்தல் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பெரியவர்களுக்குக் கொத்துகள் சரியாக முகத்துக்கு நேரே தொங்கும், சின்னவர்களுக்கு எட்டாது. டிரே மேல் நின்றதும் மகனின் கண்ணுக்கு நேரே ஒரு கொத்து. அக்கா கத்தரியை அவன் விரலில் மாட்டிவிட்டு, தன் கையால் அவன் கையைச் சுற்றிப் பிடித்தார். “பழத்தத் தொடாத தங்கம். காம்பப் புடி. காம்பு கொடியில ஒட்டுற எடத்துக்குக் கொஞ்சம் கீழ வை. இப்ப அமுக்கு.” பச்சைக் காம்பு நறுக்கென்று வெட்டுப்பட்டதும் கொத்தின் கனம் முழுக்க அவன் இடது கையில் இறங்கியது. கை ஒரு சாண் கீழே போய், அப்புறம் நிதானித்தது. கொத்து ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாது. யுகேஜி பிள்ளைக்கு அது பெரிய பாரம்தான். தன் கையில் கனம் இறங்கிய அந்த நொடியை அவன் இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பழத்தை ஏன் தொடக்கூடாது என்று மகள் கேட்டாள். அக்கா ஒரு பழத்தின் மேல் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். பழத்தின் மேல் திருநீறு மாதிரி ஒரு மெல்லிய சாம்பல் படலம் இருக்கிறது. விரல் போன இடத்தில் அது போய்க் கறுப்புத் தோல் பளபளத்தது. அந்தப் படலத்தை மருந்தென்று நினைத்துக்கொண்டிருக்கிற பலரைக் கடையில் பார்த்திருக்கிறேன். அது பழம் தானாகவே தன் மேல் பூசிக்கொள்ளும் மெழுகு. ஈரம் சட்டென்று வற்றாமல் காப்பது அதுதான். படலம் கலையாத பழம் அதிகம் கைபடாத பழம். கடையில் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்கலாம்.

கொத்து பழுத்ததா என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கொத்தின் அடி நுனியில் தொங்குகிற கடைசிப் பழத்தை ருசி பார்க்க வேண்டும். கொத்தின் தோள், அதாவது மேல் பக்கம், முதலில் பழுக்கும், நுனிதான் கடைசி. நுனிப் பழம் இனித்தால் முழுக் கொத்தும் தயார். பன்னீர் திராட்சையில் ஒரே கொத்துக்குள் கறுப்பும் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்பது சகஜம். பறித்து வீட்டில் வைத்தால் பழுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வாழையும் மாவும் பறித்த பின் பழுக்கும், திராட்சை பழுக்காது. கொடியில் எந்த இனிப்பு இருந்ததோ அதுதான் கடைசிவரை. அதனால் அவசரப்பட்டு வெட்டாமல், நுனியைச் சாப்பிட்டுப் பார்த்து வெட்டுங்கள். மகள் இதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கொத்துக்கும் பரிசோதகர் ஆகிவிட்டாள். “இது வேணாம்மா, நுனி புளிக்குது.”

பந்தலுக்கு அடியில் நிற்பதே தனி சுகம். வரிசை வரிசையாகக் கல்லுக்கால் நட்டு, மேலே கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, அதில் கொடியைப் பரப்பியிருக்கிறார்கள். மேலே இலைக் கூரை, கீழே பச்சை வெளிச்சம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே குளுமை. வாசனைக்குக் குனிந்து மூக்கை வைக்கவே வேண்டாம், பழுத்த பந்தலுக்குள் நுழைந்தாலே வரும். மாமியார் ஒரு கல்லுக்காலில் சாய்ந்து உட்கார்ந்தவர், நாங்கள் கிளம்பும்வரை எழுந்திருக்கவே இல்லை.

அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற பழத் தோட்டங்களுக்குப் பருவம் பார்த்துத்தான் போக முடியும். கொடைக்கானல் பிளம்ஸுக்கு மே மாதம் தொட்டுக் காத்திருக்க வேண்டும். கம்பத்தில் அந்தக் கவலை இல்லை. கொடியின் கிளைகளை வெட்டிவிடுவதைக் கவாத்து என்கிறார்கள். கவாத்து வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் அறுப்புக்கு வரும். ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு மாதம் கவாத்து செய்வதால் வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு பந்தல் பழுத்து நிற்கும். ஒரு பந்தலில் பூ, பக்கத்துப் பந்தலில் பட்டாணி அளவுப் பிஞ்சு, அதற்கு அடுத்ததில் கறுத்த பழம் என்று ஒரே நடையில் பிள்ளைகளுக்கு எல்லா நிலையும் காட்டலாம். மகளுக்குப் பாடப் புத்தகத்தில் படம் போட்டு விளக்கியதைவிட இது நன்றாகப் பதிந்தது.

ஆனால் வருஷம் முழுக்கப் பழம் இருக்கிறது என்பதற்காக எல்லா மாதமும் ஒரே ருசி என்று அர்த்தம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பழம் தண்ணீர் கோத்து வெடிக்கும், இனிப்பும் குறையும். என்னைக் கேட்டால் தை முதல் சித்திரை வரை போங்கள்.

இந்தப் பன்னீர் திராட்சையைப் பற்றி இரண்டு வரி. மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ரகம் இது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று புவிசார் குறியீடு கிடைத்தது. முல்லைப் பெரியாறு தண்ணீரும், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கின் காற்றும் சேர்ந்துதான் இதை இங்கே இப்படி விளைய வைக்கின்றன. தோல் கொஞ்சம் தடிமன், உள்ளே கொட்டை உண்டு. கொட்டையில்லாத பச்சைத் திராட்சை மட்டும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் முதல் பழத்தில் முகம் சுளிப்பார்கள். கொட்டையைத் துப்பக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிறகு நிறுத்துவது கஷ்டம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பழமாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். தொண்டையில் அடைக்கும் அளவு அது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். திராட்சை என்றாலே மருந்து அடிக்கிற பயிர். சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்று பூஞ்சைத் தொல்லை அதிகம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடித்திருந்தால் இலையிலும் கல்லுக்காலிலும் வெளிர் நீலத் திட்டு தெரியும். இதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் “கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?” என்று கேட்கத் தயங்கக் கூடாது. நேரே பதில் சொல்கிற தோட்டத்தில் வாங்கலாம். எங்கள் அக்கா பழம் கறுக்க ஆரம்பித்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டதாகச் சொல்லி, எதிர்ப் பந்தலைக் காட்டி, “அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க, நேத்துதான் அடிச்சது” என்று தானாகவே எச்சரித்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் கூடுதலாக வாங்கினேன். என்ன இருந்தாலும், தோட்டத்திலேயே பறித்துப் பறித்து வாயில் போட விடாதீர்கள். ருசி பார்க்கும் பழத்தைக் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

விலை நாங்கள் போனபோது கிலோ நூறு ரூபாய். உழவர் சந்தையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் கணக்குச் சொன்னார். உண்மைதான். ஆனால் ஒரு ஆள் தன் வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கூடவே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அந்த விலை எனக்கு நியாயமாகவே பட்டது. எடை போடுவதற்கு முன் அக்கா ஒவ்வொரு கொத்தையும் தலைகீழாகப் பிடித்து, அழுகல், வெடித்தது, பிஞ்சு எல்லாவற்றையும் கத்தரி நுனியால் நறுக்கி எடுத்துவிட்டுத்தான் தராசில் வைத்தார். அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து, காம்பு மேலே இருக்கும்படி அடுக்கிக் கொடுத்தார். ஒரே அடுக்குதான். இரண்டு அடுக்கு வைத்தால் மதுரை வருவதற்குள் கீழ் அடுக்கு நசுங்கிவிடும்.

குறைகளும் உண்டு. கழிப்பறை இல்லை. தோட்டத்தில் மட்டும் இல்லை, அந்த நீளம் முழுக்கவே எங்களுக்கு வசதியாக ஒன்று கிடைக்கவில்லை. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் வருகிற இடத்தில் இது பெரிய குறை. கம்பம் ஊருக்குள்ளேயே முடித்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் பாய்ச்சிய வரிசையில் கால் வைத்தால் கணுக்கால்வரை சேறு, கரிசல் கலந்த மண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். மாமியாரை நாங்கள் வரப்பு ஓரமாகக் கைப்பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கீழே விழுந்த பழத்தைத் தேடிக் குளவியும் தேனீயும் வரும். விரட்டாமல் நின்றால் ஒன்றும் செய்யாது, ஆனால் வெறுங்காலோடு பிள்ளைகளை விடக் கூடாது. கறை பிடித்தால் போகாது, பழைய உடுப்பாகப் போட்டுப் போங்கள்.

இன்னொரு வருத்தம், ரோட்டோரத்து ஜூஸ் கடை. பெயரைச் சொல்ல விருப்பமில்லை. ‘தோட்டத்துத் திராட்சை ஜூஸ்’ என்று எழுதியிருந்தது. குடித்தால் எசன்ஸ் வாசம் தூக்கலாக அடித்தது, நாக்கு ஊதாவாகி ராத்திரிவரை போகவில்லை. பின்னால் நூறு ஏக்கர் பழம் தொங்கும்போது இப்படி ஒரு டம்ளரை நீட்டுவது அந்த மண்ணுக்குச் செய்கிற மரியாதை இல்லை. கண் முன்னால் பழத்தைப் பிழிந்து கொடுக்கிற கடையாகப் பார்த்துக் குடியுங்கள்.

போகிற வழி: மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் ஏறக்குறைய 115 கிலோமீட்டர். கார் இல்லாதவர்கள் ரயிலில் தேனிவரை வரலாம். அகலப்பாதை வேலை முடிந்து 2022-இல் மதுரை – தேனி ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது, அப்புறம் போடிவரை நீண்டது. தேனியிலிருந்து கம்பத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. காலையில் பத்து மணிக்குள் தோட்டத்தில் இருங்கள். அருவியைத் தோட்டம் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை அருவியை மூடிவிடும், ஆகவே அதை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். பழப் பெட்டியை வெயிலில் காருக்குள் அடைத்து வைத்துவிட்டு அருவியில் மணிக்கணக்கில் குளித்தால் பழம் வெந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். இதைச் சொல்லாவிட்டால் பாதி அனுபவத்தை விட்டதாகிவிடும். பன்னீர் திராட்சை நாள் கணக்கில் தாங்காது. சாதாரண அறையில் இரண்டு நாள், பிரிட்ஜில் ஒரு வாரம். கழுவாமல் வைத்தால்தான் அதுவும். அதனால் சாப்பிடுகிற அளவுக்கு மேல் வாங்கினால் என்ன செய்யப்போகிறோம் என்று தோட்டத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காலையில் கூடத்தில் பழைய போர்வையை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தேன். அவர்கள் வேலை பழம் பிரிப்பது. முழுசாக, கெட்டியாக இருப்பது ஒரு கூடையில், உதிர்ந்ததும் லேசாக நசுங்கியதும் இன்னொரு பாத்திரத்தில், புளிப்புக் காய் தனியாக ஒரு கிண்ணத்தில். மகன் ஒவ்வொரு பழத்தையும் அழுத்திப் பார்த்துப் போட்டதில் கொஞ்சம் பழம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசினோம்.

உதிர்ந்த பழம் முழுவதும் ஸ்குவாஷ். காம்பை எடுத்துவிட்டு, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, பழம் மூழ்காத அளவுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அடுப்பில் வைக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் தோல் வெடித்து உரியும், தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறும். மத்தால் மசித்து, ஆறியதும் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் போட வேண்டாம், கொட்டை உடைந்தால் சாறு துவர்க்கும். ஒரு லிட்டர் சாறுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, கொதித்துக் கரைந்ததும் இறக்கி, ஆறிய பிறகு இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் பளிச்சென்று ஆகிவிடும். பாட்டிலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் கலந்து குடிக்கலாம். அலுமினியப் பாத்திரத்தை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். திராட்சையின் புளிப்பு அதை அரிக்கும்.

எலுமிச்சை விட்டதும் நிறம் மாறியதை மகள் பார்த்துவிட்டாள். “ஏன்மா மாறுச்சு?” அங்கிருந்துதான் அன்றைய மதியம் முழுக்கப் போனது. வடிகட்டிய தோலை மறுபடி கொதிக்க வைத்த தண்ணீரைச் சின்னச் சின்ன டம்ளரில் ஊற்றினோம். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் ஆப்ப சோடா, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்று சும்மா. எலுமிச்சை போட்டது ரோஜாச் சிவப்பு. சோடா போட்டது கண் எதிரிலேயே நீலமாகி, இன்னும் கொஞ்சம் போட்டதும் பாசிப் பச்சை. திராட்சைத் தோலில் இருக்கிற ஆந்தோசயனின் என்கிற நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், சோடா மாதிரிக் காரப் பொருளில் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளை வைத்துச் செய்வதை அடுக்களையில் செய்துவிடலாம்.

அப்புறம் ஓவியம். வெள்ளைச் சார்ட் தாளில் தோல் தண்ணீரைப் பட்டையாகப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் சோடா கரைசலில் தோய்த்த தூரிகையால் வரைந்தால், தூரிகை போன இடமெல்லாம் நீலப் பச்சையாகக் கோடு விழும். எலுமிச்சைச் சாறில் தொட்டு வரைந்தால் இளஞ்சிவப்பு. ஒரே சாயத்தில் மூன்று நிறம். மகள் பந்தல் வரைந்தாள், இலைக்கு சோடா, பழத்துக்குச் சும்மா சாறு. காசு கொடுத்து வாங்கிய எந்த வண்ணப் பெட்டியும் அவளை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார வைத்ததில்லை.

கொஞ்சம் சாறைச் சர்க்கரை சேர்க்காமல் கண்ணாடி பாட்டிலில் பிரிட்ஜில் வைத்திருந்தேன். சில நாள் கழித்து எடுத்தபோது அடியில் மணல் மாதிரி படிந்திருந்தது, சாய்த்தால் மின்னியது. கண்ணாடித் தூள் என்று பதற வேண்டாம், கெட்டுப்போனதும் இல்லை. திராட்சையில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. நம் புளியில் இருப்பதும் அதுவே. சாறு குளிர்ந்ததும் அதன் உப்பு கரைந்திருக்க முடியாமல் படிகமாக இறங்கிவிடும். மேலே உள்ள சாறை மெதுவாகச் சாய்த்து ஊற்றிக்கொண்டால் போதும். அந்தப் படிகத்தை ஒரு கறுப்புத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “புளியங்கா மாதிரி இருக்குப்பா” என்று மாமியார்தான் முதலில் சொன்னார்.

புளிப்புக் காய்களை அவரிடமே கொடுத்துவிட்டேன். மாங்காய்த் தொக்கு மாதிரி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூளும் வெந்தயப் பொடியும் போட்டு வதக்கி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து இறக்கினார். தயிர் சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம். காய்ந்த திராட்சையும் முயன்றோம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, மொட்டை மாடியில் துணி விரித்துக் காயவைத்தால் தோல் சீக்கிரம் சுருங்கும். நான்கு கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும், கொட்டையும் பல்லில் படும். எறும்புக்குக் காவல் இருக்கிற சிரமத்துக்கு இது எனக்குக் கட்டுபடியாகவில்லை. கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது அக்கா கவாத்து வெட்டிப் போட்ட குச்சிகளில் பென்சில் கனத்தில் சிலவற்றை எடுத்து, நான்கு கணு வருகிற மாதிரி நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி மகள் கையில் கொடுத்தார். “ரெண்டு கணு மண்ணுக்குள்ள, ரெண்டு கணு வெளிய. கண்ணு மேல பாக்கணும், தலைகீழா நட்டுறாத.” செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்த தொட்டியில் நட்டோம். முதலில் இலை விட்டதும் பிழைத்துவிட்டது என்று நம்பக் கூடாதாம். குச்சியில் இருக்கிற சத்திலேயே இலை வந்துவிடும், வேர் பிடிக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஆட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். எங்கள் தொட்டியில் பாதி பட்டுப்போனது, மீதி நிற்கிறது. ஒன்று பற்றுக்கம்பி நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. காய்க்க ஒன்றரை வருஷமாவது ஆகும் என்று அக்கா சொல்லியனுப்பினார். மொட்டை மாடியில் அதற்குப் பந்தல் போட வீட்டுக்காரர் இப்போதே கம்பி விசாரிக்கிறார்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு போடுவேன். ஒன்றைக் குறைத்தது கழிப்பறைக்காக. அதைத் தோட்டக்காரர்கள் மட்டும் செய்ய முடியாது, ஊராட்சியும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து கட்டிக்கொடுத்தால் அந்த ரோடு முழுக்கப் பிழைக்கும். போகிறவர்கள் சனி, ஞாயிறைத் தவிர்த்து நடுவாரத்தில் ஒரு நாள் பாருங்கள். கூட்டம் இல்லாத நாளில்தான் யாராவது ஒருவருக்குப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க நேரம் இருக்கும். கத்தரியை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், நுனி மழுங்கிய பள்ளிக்கூடக் கத்தரி பச்சைக் காம்பை வெட்டாது, சின்னதாக, கூராக இருக்கட்டும்.